கால் தரிக்காதவன்

மீட்டர்காரன் ரயில் நிலையத்துக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டான். வந்தவன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம், எல்லாம் காலியாகத்தான் கிடந்தன. உட்காரவில்லை. நடைமேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டே இருந்தான். பெருக்கிக்கொண்டிருந்தவர் இரண்டு தடவை துடைப்பத்தை ஒதுக்கி வழிவிட்டுப் பார்த்தார். அடுத்த தடவை பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டார்.

"யாராவது காணாமப் போயிட்டாங்களா சார்?"

"இல்லீங்க. வராங்க."

"வர்றவங்க வண்டியிலதானே வருவாங்க? நீங்க எதுக்கு நடக்கறீங்க?"

நியாயமான கேள்விதான். அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்துவிட்டு மறுபடி நடந்தான்.

மீட்டர்காரன் என்பது தெருக்கள் அவனுக்கு வைத்த பெயர். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைப் பார்த்து, கையிலிருக்கும் கருவியில் தட்டிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போகும் உத்தியோகம். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை நடைதான். அது பிழைப்பு, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, வேலை முடிந்தாலும் கால் முடிய மறுத்தது. விடுமுறை நாளில் மற்றவர்கள் காலை நீட்டுவார்கள், இவன் செருப்பைத் தேடுவான். ராத்திரி படுக்க மட்டும் வீடு. ஏன் இப்படி என்று யாராவது கேட்டால் உடம்புக்கு நல்லது என்பான். உடம்பு நன்றாகத்தான் இருந்தது, அதற்கு ஒரு குறையும் இல்லை.

சட்டைப் பையில் செல்போன் அலறியது. அக்கா.

"எங்கடா இருக்க?"

"ஸ்டேஷன்ல நடந்துகிட்டிருக்கேன்."

"அதான் மூச்சு வாங்குதா? உன்னை எப்ப கூப்பிட்டாலும் மூச்சு வாங்குது. மனுஷன் உட்கார்ந்து பேசி நான் கேட்டு எத்தனை காலமாச்சு!" என்று ஆரம்பித்தவள், குரலைச் சட்டென்று தணித்தாள். "இந்தா, ஒண்ணு சொல்லணும். கோவப்படாதே."

அக்கா குரலைத் தணித்தால் எங்கோ எதையோ உடைத்திருக்கிறாள் என்று அர்த்தம். அவன் நின்றான்.

"அவகிட்ட உன்னைப் பத்திக் கொஞ்சம் நல்ல விதமா சொல்லி வெச்சிருக்கேன்."

"என்ன சொன்ன?"

"நீ ஒரு இடத்துல உட்கார்ந்தா எழுந்திருக்கவே மாட்டேன்னு."

"அக்கா!"

"பின்ன என்னடா பண்றது? அவ கேட்டதே அது ஒண்ணுதான். காசு பணம் வேண்டாம், அழகு வேண்டாம், வீட்டுல இருக்கற ஆளா இருந்தாப் போதும்னா. முதல்ல வாய்ச்சவன் அப்படி. காலுல சக்கரம் கட்டினவன். ஊர் ஊரா சுத்தி, ஒரு தடவை போனவன் போனவன்தான். கோர்ட்டுல பிரிச்சு விட்டாங்க. பாவம், வாசலைப் பார்த்தே பாதி வயசு போச்சு அவளுக்கு. நான் சொன்னதைக் காப்பாத்து. வேகமா நடக்காதே. மீட்டர் பேச்சை எடுக்காதே. என்ன ஆனாலும் வீட்டுக்கு மட்டும் கூட்டிட்டுப் போயிடாதே. அந்த வீட்டைப் பார்த்தா எந்தப் பொம்பளையும் அலறி அடிச்சுகிட்டு ஓடிடுவா."

'அவள்' என்று அக்கா சொன்னது கவுன்ட்டர்காரியை. சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு சிறிய ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவள். அக்கா அந்த வழியாக அடிக்கடி போய் வந்து, கவுன்ட்டர் ஓட்டை வழியாகவே பேசிப் பேசி, டிக்கெட்டோடு கூடத் தம்பிக்கு ஒரு சம்பந்தத்தையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கவுன்ட்டர்காரியும் சளைத்தவள் இல்லை. ஒரு நாள் முழுக்க ஆளோடு நடந்து பார்க்கிறேன், சாயங்கால வண்டி ஏறுவதற்குள் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். செலவெல்லாம் வேண்டாம், சாப்பாடு நான் கட்டிக்கொண்டு வருகிறேன், அந்தப் பெரிய ஊருக்கு இவ்வளவு காலமாக டிக்கெட் கொடுத்திருக்கிறேனே தவிர ஒரு தெருவில்கூட நடந்ததில்லை என்றாளாம்.

இந்த ஏற்பாட்டைக் கேட்டபோது மீட்டர்காரனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. நடப்பதென்றால் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இப்போது அக்காவின் பொய்யைக் கேட்டதும் அந்தக் காலே அவனைக் காட்டிக் கொடுத்துவிடுமோ என்று பயமாகிவிட்டது. வேண்டும், அவள் சரி என்று சொல்ல வேண்டும் என்று தனக்குள் இவ்வளவு ஆசை இருக்கிறது என்பதே அந்த நிமிஷம்தான் அவனுக்குத் தெரிந்தது.

வண்டி வந்தது.

கூட்டத்தில் அவளைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. எல்லோரும் முண்டியடித்து இறங்க, ஒருத்தி மட்டும் தோளில் கனமான பையோடு பெட்டிக் கதவருகே நின்று, மற்றவர்கள் இறங்கி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். நரையை மறைக்க மெனக்கெடாத தலை. இறங்கி வந்தவள் அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையைப் பார்த்தாள்.

"வாங்க மேடம்," என்றான்.

"மேடமா? டிக்கெட் கிடைக்காதவங்கதான் என்னை அப்படிக் கூப்பிடுவாங்க," என்று சிரித்தாள்.

முதலில் அருங்காட்சியகம். அன்று நுழைவு இலவசம் என்று விசாரித்து வைத்திருந்தான். ஒரு பெரிய கூடத்தில் பழைய மண்பாண்டங்கள் இருந்தன. அவள் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியின் முன்னாலும் நின்று, குனிந்து, எழுதி வைத்திருப்பதை வரி விடாமல் படித்தாள். அவன் ஒரு பானையைப் பார்ப்பான், அடுத்ததைப் பார்ப்பான், திரும்பினால் அவள் இன்னும் முதல் பானையிலேயே இருப்பாள். மறுபடி அவளிடம் வருவான். இப்படிப் போய் வந்ததில் அவன் அந்தக் கூடத்தை அவளைவிட மூன்று மடங்கு நடந்திருப்பான். காவலாளி அவன் மீது ஒரு கண் வைத்தார்.

பிறகு ஆற்றுப் பாலம். பாலத்தின் நடுவில் நின்று தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்தாள். அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நின்றான் என்பது பெயருக்குத்தான். குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது, அதை நிறுத்தினால் விரல்கள் சுவரைத் தட்டின.

"எதுக்காவது நேரமாயிடுச்சா?" என்றாள்.

"சேச்சே. ஒண்ணுமில்ல. நீங்க பாருங்க."

மத்தியானம் பூங்காவில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் உட்கார்ந்தாள் என்பதுதான் சரி. ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம் என்று பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காகிதத்தில் பரப்பினாள். அவன் முட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு மரத்தில் சாய்ந்து நின்றான்.

"உட்காருங்களேன்."

"புல்லு ஈரமா இருக்கு."

அவள் புல்லைத் தடவிப் பார்த்தாள். எலும்பாகக் காய்ந்து கிடந்தது. காகிதத்தில் ஒரு தாளைப் பிரித்து அவன் பக்கம் போட்டாள். தப்பிக்க வழியில்லாமல் உட்கார்ந்தான். குத்துக்காலிட்டு, பாதி எழுந்தவன் மாதிரி.

"வந்ததும் என் கையைப் பார்த்தீங்களே, எதுக்கு?" என்று கேட்டான், பேச்சிலாவது நேரம் ஓடட்டும் என்று.

"அது என் தொழில் புத்தி. என் கவுன்ட்டர்ல முகமெல்லாம் தெரியாது. ஓட்டை வழியா கை மட்டும்தான் உள்ள வரும். பார்த்துப் பார்த்துப் பழகிடுச்சு. இது திரும்பி வர்ற கை, இது ஒரேயடியாப் போற கைன்னு பெரும்பாலும் சொல்லிடுவேன்." முட்டைத் தோலை மடித்து ஓரமாக வைத்தாள். "என் வீட்டுக்காரர் கையை மட்டும் பார்க்கத் தெரியாமப் போச்சு. வந்துடுவார், வந்துடுவார்னு வாசலையே பார்த்துகிட்டு உட்கார்ந்திருப்பேன். வெளியில செருப்புச் சத்தம் கேட்டா எழுந்திரிப்பேன். பக்கத்து வீட்டுக்காரரா இருக்கும். மறுபடி உட்காருவேன். அது பெரிய தண்டனைங்க. இன்னொரு தடவை என்னால முடியாது. அதை முதல்லயே சொல்லிடறேன்."

அவன் வாயிலிருந்த முட்டையை விழுங்கினான். "என் கை எப்படி?" என்றான்.

"அது ஒரு இடத்துல நின்னாத்தானே பார்க்க!" என்று அவள் சிரித்தாள்.

சிரித்தாள்தான். ஆனாலும் அக்காவின் பொய் பாதி வெளுத்துவிட்டது என்பது அவனுக்குப் புரிந்தது.

அடுத்ததாக மணிக்கூண்டு. மேலே ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும், காசு கிடையாது. போனால் பழுதுபார்க்கிறார்கள் என்று கயிறு கட்டியிருந்தது. அவனிடமிருந்த திட்டம் அத்தோடு தீர்ந்தது. சாயங்கால வண்டிக்கு இன்னும் பாதிப் பகல் பாக்கி. என்ன செய்வது, எங்கே போவது என்று மண்டையைக் குடைந்துகொண்டே அவன் நடக்க, அவள் கூடவே நடந்தாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். வழியை யார் பார்த்தது? கால் பார்த்துக்கொண்டது.

நல்ல தெருவாகத்தான் இருந்தது. ஓட்டு வீடுகள், மாடி வீடுகள், வாசலில் பூந்தொட்டிகள். ஒரு சாரியில் கடைசி வரை போனார்கள். கோடியில் தெருவைக் கடந்து எதிர்ச் சாரியில் திரும்பி வந்தார்கள். அப்புறம் அடுத்த தெரு. அதிலும் ஒரு சாரி போய், மறு சாரி வந்தார்கள். ஒரு கறுப்பு நாய் கேட்டுக்குள்ளிருந்து வாலை ஆட்டியது. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்து, "என்ன மீட்டரு, லீவு நாள்ல வந்திருக்கீங்க? போன வாரம்தானே எடுத்தீங்க?" என்று கத்தினாள்.

கவுன்ட்டர்காரி நின்றுவிட்டாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? பெரிய ஊரைச் சுத்திக் காட்டறேன்னு சொல்லிட்டு, நீங்க வேலைக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. வீட்டு வரிசை தப்பாமல், சந்து பொந்து விடாமல், அவளை அப்படியே தன் ரவுண்டில் இழுத்துக்கொண்டு வந்திருந்தான். அதுவும் போதாதென்று ஒவ்வொரு கேட்டிலும் தலை தானாகத் திரும்பிச் சுவரிலிருந்த பெட்டியைப் பார்த்திருக்கிறது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான்.

"மன்னிச்சுக்குங்க. காலுக்கு இந்த வழிதான் தெரியும்."

அவள் கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சரி, வந்தது வந்தாச்சு. மீட்டரைப் பத்திச் சொல்லுங்க. அதுலயும் கை மாதிரி ஏதாவது தெரியுமா?"

அக்கா எடுக்காதே என்று சொன்ன பேச்சு. ஆனால் கேட்பவள் கேட்கிறாளே. தெரியும் என்றான். ஒரு வீட்டில் ஆள் கூடினால் மீட்டர் வேகமாக ஓடும். குழந்தை பிறந்தால் ராத்திரியெல்லாம் விளக்கு, எண் எகிறிவிடும். பிள்ளைகள் படிக்கப் போய்விட்டால் இறங்கும். இதோ இந்த வீட்டில் மகள் திரும்பி வந்திருக்கிறாள், அந்த வீட்டில் பெரியவர் படுக்கையில் இருக்கிறார். சொல்லச் சொல்ல அவனுக்கு உற்சாகம் ஏறியது. அவளும் ஒவ்வொரு கேட்டிலும் நின்று, சுவரில் சிவப்பாக மின்னும் சின்ன விளக்கைப் பார்த்து, "இது ஓடுது, இது தூங்குது," என்று சொல்லத் தொடங்கினாள். அந்தத் தெருவில் பாதி வரை இரண்டு பேரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரிப் போனார்கள்.

ஒரு பச்சைக் கதவு வீடு வந்தது. அவன் நடையை எட்டிப் போட்டு அதைத் தாண்டி, அடுத்த வீட்டு முன்னால் போய் நின்றான்.

"இந்த வீட்டை மட்டும் விட்டுட்டீங்களே?"

"இதை... ரவுண்டுல எடுக்கறதில்ல. கடைசியில எடுத்துக்கலாம்."

"ஏன், யார் வீடு?"

பொய் சொல்லலாம்தான். அக்காவாக இருந்தால் கண்ணிமைக்காமல் சொல்லியிருப்பாள். "என் வீடு," என்றான்.

"உள்ள போலாமா?"

"வேண்டாங்க. போட்டது போட்டபடி கிடக்கு."

"நான் வீடு வாங்கவா வந்திருக்கேன்? கால் வலிக்குதுங்க. கொஞ்சம் உட்காரணும்."

பூட்டைத் திறக்கும்போது அவன் சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது.

உள்ளே அழுக்கில்லை. அக்கா பயந்தது மாதிரி எதுவும் இல்லை, பெருக்கித் துடைத்த தரை. ஆனால் உட்கார இடமில்லை. ஜன்னலோரம் எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். ஒன்றில் பழைய செய்தித்தாள் கட்டு கழுத்தளவுக்கு, மேலே ஒரு குடை, அதன் மேல் மழைக்கோட்டு. மற்றதில் இஸ்திரி போட்ட சட்டைகளும் ஒரு பழைய மேசை விசிறியும். சமையலறை மேடையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். நின்றபடியே தின்றுவிட்டு நின்றபடியே கழுவி வைக்கும் ஆளின் வீடு என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அவள் ஒவ்வொன்றையும் பார்த்தாள்.

செய்தித்தாள் கட்டை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்தாள். குடையையும் மழைக்கோட்டையும் கதவில் மாட்டினாள். நாற்காலியை முந்தானையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்து, "அப்பாடா!" என்றாள்.

அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்து வெகு காலமாகிவிட்டது. மீட்டர்காரனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் எதிர் நாற்காலியைக் கண்ணால் காட்டி, "சட்டையை எடுத்துட்டு நீங்களும் உட்காருங்க," என்றாள்.

"டீ போடறேன். பால் இல்ல, வாங்கிட்டு வந்துடறேன்."

"டீ வேண்டாங்க."

"முனையிலதான் கடை. இதோ, ரெண்டு நிமிஷம்."

அவள் மேலே ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வாசற்படியைத் தாண்டியிருந்தான்.

வெளிக்காற்று பட்டதும் மூச்சு வந்தது. கடைக்குப் போனான், ஒரு பாக்கெட் பால் வாங்கினான், இதுவரை எல்லாம் சரி. கடையை விட்டு இறங்கியதும் இடது பக்கம் திரும்பினால் வீடு. கால் வலது பக்கம் திரும்பியது. அந்தத் தெருவில் பாதியில்தானே விட்டோம்? மிச்சத்தைப் போய்விட்டு வந்தால் என்ன? இப்படியெல்லாம் அவன் யோசிக்கக்கூட இல்லை, பழக்கம் நடந்தது. ஒரு கேட், அடுத்த கேட், சந்து, சந்தின் கோடி, எதிர்ச் சாரி. நெஞ்சுப் படபடப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அடுத்த தெருவுக்குள் நுழைந்தான். வெயில் மஞ்சளாகி வீடுகளின் மேல் சாய்ந்திருந்தது. கையில் பால் பாக்கெட் ஆடிக்கொண்டே வந்தது.

தெருக்கோடியில் தையற்கடை வைத்திருந்தவர் தலை நிமிர்ந்து பார்த்தார். "என்ன மீட்டரு, கையில பாலு! வீட்டுக்கு யாராவது வந்திருக்காங்களா?"

அவன் பாக்கெட்டைப் பார்த்தான்.

யாரோ மண்டையில் ஓங்கி அடித்த மாதிரி இருந்தது. வந்திருக்கிறாள். வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது பெரிய தண்டனை, இன்னொரு தடவை முடியாது என்று மத்தியானம்தான் சொன்னாள். அவளைக் கொண்டுபோய் வாசலைப் பார்க்க உட்கார வைத்துவிட்டு இவன் தெருத் தெருவாக அளந்துகொண்டிருக்கிறான். "ஐயோ பாவி," என்று தன்னையே வைதுகொண்டு ஓடினான். இத்தனை வருஷம் அந்தத் தெருக்களில் நடந்திருக்கிறானே தவிர ஓடியதில்லை. கறுப்பு நாய் அடையாளம் தெரியாமல் குரைத்தது.

பச்சைக் கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. உள்ளே யாரும் இல்லை. சட்டைகள் மேசைமேல் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. இரண்டாவது நாற்காலியும் காலி. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி மட்டும் பழையபடி மற்றதற்கு எதிராக இல்லை. அதைத் திருப்பி, வாசலுக்கு முதுகைக் காட்டிப் போட்டிருந்தாள். அதற்கு எதிரே வெறும் சுவர். சுவரில் மீட்டர்.

இவ்வளவு நாள் ஊரார் வீட்டு மீட்டரெல்லாம் பார்த்தவன், தன் வீட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டு ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தான். அவமானமும் பயமும் ஒன்றாக வந்தன. பால் பாக்கெட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் ஸ்டேஷனுக்கு ஓடினான்.

சாயங்கால வண்டி இன்னும் வரவில்லை. காலையில் அவன் உட்காராமல் விட்ட பெஞ்சுகளில் ஒன்றில் அவள் இருந்தாள், பை மடியில். அவன் முன்னால் போய் மூச்சு வாங்க நின்றான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் வாசலைப் பார்க்கல," என்றாள். "பார்க்கக் கூடாதுன்னு நாற்காலியைத் திருப்பிப் போட்டுகிட்டேன். மீட்டரைப் பார்த்துகிட்டு இருந்தேன். ஆள் வந்தா ஓடும்னு சொன்னீங்களே. நான் உள்ள உட்கார்ந்திருக்கேன், அது ஓடவே இல்ல. ஆள் வந்திருக்கறதே அந்த வீட்டுக்குத் தெரியல."

"அக்கா சொன்னதெல்லாம் பொய்ங்க. நான் உட்கார்ற ஆளே இல்ல."

"அது காலையிலயே தெரிஞ்சுபோச்சு. மியூசியத்துல காவல்காரர்கூட உங்களைத் திருடன்னு நினைச்சார்." குரலில் சிரிப்பு இல்லை. "அதுக்காக நான் கிளம்பி வரல. எழுந்து வந்தது எதுக்குன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும்." அவன் பால் பாக்கெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். சொன்னால் அசிங்கமாக இருக்கும் என்று யாரிடமும் சொல்லாத விஷயம். அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. "அவ இருந்தவரைக்கும் சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் அந்த நாற்காலிகள்லதான் உட்கார்ந்து பேசுவோம். அவ போனப்பறம் நான் உட்கார்ந்தா எதிர்ல காலியா இருக்கும். அதைப் பார்க்க முடியல. அதான் பேப்பரைப் போட்டு ரொப்பினேன். அப்பறம் என் நாற்காலியையும் ரொப்பிட்டேன்."

"இன்னைக்கு நான் உட்கார்ந்தேனே. எதிர்ல காலியா இல்லையே."

"அதுதான் பயமா இருந்தது," என்றான். "நீங்க எழுந்து போனா மறுபடி காலியாயிடுமே."

அவள் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அவன் குதிகால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"உட்காருங்க," என்றாள்.

உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் அவள் தன் பையைத் தூக்கி அவன் மடியில் பொத்தென்று வைத்தாள். நல்ல கனம். அதை ஒதுக்கி வைக்காமல் எழுந்திருக்க முடியாது. அவன் கையிலிருந்த பாலையும் வாங்கிக்கொண்டாள். காலையில் பெருக்கியவர் துடைப்பத்தோடு அந்தப் பக்கம் வர, "அண்ணே, டீக்கு ஆகுமா பாருங்க. வெயில்ல ஊர் சுத்தின பாலு," என்று அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு மீட்டர்காரனைப் பார்த்து, "ஆள் வந்துட்டாங்க போல," என்றார்.

வண்டி வந்து நின்றது. மீட்டர்காரன் பையைத் தூக்கிக் கொடுக்கப் போனான்.

"வைங்க."

"உங்க வண்டி."

"தெரியும்."

"போயிடும்."

"இத்தனை காலமா டிக்கெட் கொடுக்கறேன். அடுத்த வண்டி எப்பன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு மணி நேரம் இருக்கு." கால்களை நீட்டிப் பெஞ்சில் சாய்ந்துகொண்டாள். "நீங்க எழுந்திருக்காம இருங்க, பார்ப்போம். நான் என் பதிலை அப்பச் சொல்றேன்."

வண்டி கிளம்பியது. ஒவ்வொரு பெட்டியாக முன்னால் போகப் போக அவன் முழங்கால் பைக்கு அடியில் துடித்தது. இப்போது எழுந்து ஒரு நடை போய்விட்டு வந்தால் போதும் என்று உடம்பெல்லாம் கெஞ்சியது. வியர்த்தது. பையின் பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பெட்டி போன பிறகு நடைமேடை காலியாகிவிட்டது. எதிரே தண்டவாளம்தான் இருந்தது. இரண்டு மணி நேரம் இப்படியா, செத்தேன் என்று நினைத்தான். ஆனாலும் உட்கார்ந்திருந்தான்.

செல்போன் அலறியது. அக்கா. பொறுமை தாங்காமல் கூப்பிடுகிறாள்.

"வண்டி போயிருக்கும்ல? என்னடா சொன்னா? சரின்னாளா இல்லையா? எங்கடா இருக்க நீ?"

அவன் பக்கத்தில் பார்த்தான். அவள் இன்னும் அவன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உட்கார்ந்திருக்கேன்," என்றான்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பேச்சை நிறுத்தத் தெரியாத அக்கா பேச்சை நிறுத்திவிட்டு, தம்பியின் மூச்சைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.